வலைப்பக்கத்தில் விசை அழுத்தங்களைப் பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாவாஸ்கிரிப்ட்டில் கீபோர்டைக் கவனிப்பது எளிது. ஆங்கில கீபோர்டும் மேசைக் கணினியும் மட்டும் இருந்தால் கடைசிவரை எளிதாகவே இருக்கும். பயனர் தமிழுக்கு மாறினாலோ போனில் திறந்தாலோதான் கதை மாறுகிறது. இங்கே உள்ள பெரும்பாலான கேள்விகள் அந்த இடத்தில் எழுபவை. நிரல் பெயர்களையெல்லாம் ஒலிப்பு அப்படியே தமிழில் தந்திருக்கிறேன். எடிட்டரில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

டாக்குமென்ட்டுக்கு ஆட்ஈவெண்ட்லிசனர் மூலம் ‘கீடவுன்’ என்ற நிகழ்வுக்கு ஒரு ஃபங்ஷனைக் கொடுங்கள். அதற்குள் வந்துசேரும் ஈவெண்ட் பொருளின் ‘கீ’, ‘கோட்’ ஆகிய இரண்டையும் கன்சோலில் அச்சிடுங்கள். பிறகு பக்கத்தில் ஒருமுறை கிளிக் செய்துவிட்டு எல்லா விசைகளையும் தட்டிப் பாருங்கள்: அம்புக்குறிகள், இரண்டு ஷிஃப்ட், எண் பலகை, எஃப்5. எந்த ஆவணத்தைப் படிப்பதையும்விட இதில் சீக்கிரம் புரியும். மடிக்கணினியின் எஃப்என் விசைக்குப் பெரும்பாலும் ஒன்றும் வராது. கீபோர்டே அதைத் தனக்குள் கையாண்டுவிடுகிறது. விண்டோஸில் பிரிண்ட் ஸ்கிரீன் விசைக்குப் பொதுவாக விடுபடும் நிகழ்வு மட்டும் வரும், அழுத்தும் நிகழ்வு வராது.

கீடவுன், கீபிரெஸ், கீஅப்: எதைப் பயன்படுத்துவது?

விசை கீழே போகும்போது கீடவுன், மேலே வரும்போது கீஅப். கீபிரெஸ் எழுத்து தரும் விசைகளுக்கும் என்டருக்கும் மட்டுமே வரும். அம்புக்குறிக்கும் ஷிஃப்டுக்கும் வராது. அது கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டுவிட்டது, புது நிரலில் தொடவே வேண்டாம். குறுக்குவழிகளுக்கும் விளையாட்டுகளுக்கும் கீடவுன் போதும். விசையை எப்போது விட்டார்கள் என்பது தேவைப்பட்டால் கீஅப்பையும் சேருங்கள்.

‘கீடவுனில் பெட்டியின் மதிப்பைப் படித்தால் ஒரு எழுத்து பின்தங்கி வருகிறது’ என்பது இதோடு ஒட்டிவரும் கேள்வி. எழுத்து பெட்டிக்குள் போவதற்கு முன்பே கீடவுன் வந்துவிடுகிறது. அதனால்தான் பிரிவென்ட்டிஃபால்ட்டைக் கூப்பிட்டு அந்த எழுத்தைத் தடுக்கவும் முடிகிறது. பெட்டியில் இப்போது என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ‘இன்புட்’ நிகழ்வைக் கேளுங்கள்.

பழைய உதாரணங்களில் கீகோட் 13, 27, 37 என்று எண்கள் இருக்கின்றனவே, அவை இன்னும் ஓடுமா?

ஓடும். கீகோட் என்பது விசைக்கு ஓர் எண் தரும் பழைய பண்பு, இப்போது கைவிடப்பட்டது. என்டர் 13, எஸ்கேப் 27, ஸ்பேஸ் 32, இடது அம்பு 37 என்பவை எல்லாப் பிரவுசரிலும் ஒன்றே. எந்தப் பிரவுசரும் இவற்றை நீக்கும் அவசரத்தில் இல்லை, நீக்கினால் பாதி இணையம் உடைந்துவிடும். சிக்கல் நிறுத்தற்குறிகளில்தான். அரைப்புள்ளி விசைக்கு ஃபயர்பாக்ஸ் 59 என்கிறது, குரோம் 186 என்கிறது. கழித்தல் குறிக்கு ஃபயர்பாக்ஸில் 173, குரோமில் 189. நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் ஆளுக்கொரு வழி வைத்திருந்த காலத்தின் மிச்சம் இது. ‘கீகோட் அல்லது விச்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதும் பழக்கமும் அங்கிருந்து வந்ததுதான்.

புதிதாக எழுதுகிறவர் எண்களை மறந்துவிடலாம், ஒரே ஒரு எண்ணைத் தவிர. அது 229. கீழே வருகிறது.

கீ, கோட் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

‘கீ’ என்பது அந்த அழுத்தம் என்ன எழுத்தைத் தருகிறது என்று சொல்லும். ‘கோட்’ என்பது கீபோர்டில் எந்த இடத்தில் உள்ள விசை அழுத்தப்பட்டது என்று சொல்லும். இடங்களுக்கான பெயர்கள் அமெரிக்க ஆங்கில கீபோர்டிலிருந்து எடுக்கப்பட்டவை.

ஆங்கிலத்தில் மட்டும் பழகினால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். தமிழில் பாருங்கள். ‘கே’ என்று அச்சிட்ட விசையைத் தட்டினால் கோட் எப்போதும் ‘கீகே’தான். ஆனால் இன்ஸ்கிரிப்ட் அமைப்பில் அது ‘க’ தரும், தமிழ்99 அமைப்பில் ‘ம’ தரும். தமிழ்99-இல் ‘க’ வேண்டுமென்றால் ‘எச்’ விசைக்குப் போக வேண்டும். ஒரே இடம், அமைப்புக்கு ஒரு எழுத்து.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் இதே கதை. அவர்களுடைய கீபோர்டில் ‘கியூ’ இருக்கும் இடத்தில் ‘ஏ’ இருக்கிறது, ‘டபிள்யூ’ இடத்தில் ‘இசட்’ இருக்கிறது. நகர்த்துவதற்கு டபிள்யூ, ஏ, எஸ், டி என்று ‘கீ’யை வைத்து ஒரு விளையாட்டு எழுதினால் பாரிஸில் இருப்பவருடைய விரல்கள் முறுக்கிக்கொள்ளும். கோட்டை வைத்து எழுதினால் அவருக்கும் நான்கு விசைகளும் கைக்கு அடக்கமாக ஒரே இடத்தில் கிடைக்கும்.

ஆகவே விரல் எங்கே என்பது முக்கியமானால் கோட், எழுத்து எது என்பது முக்கியமானால் கீ. என்டர், எஸ்கேப், டேப், அம்புக்குறிகளுக்குக் கீயே போதும். ஸ்பேஸ் விசைக்குக் கீயின் மதிப்பு ஒரு இடைவெளி எழுத்து மட்டுமே, ‘ஸ்பேஸ்’ என்ற சொல் கோட்டில்தான் வரும். இதில் தடுக்கி விழாதவர் குறைவு.

ஆங்கிலத்தில் கண்ட்ரோல்+எஸ் வேலை செய்கிறது, தமிழ் கீபோர்டுக்கு மாறினால் செய்யவில்லை. ஏன்?

உங்கள் நிரல் ‘கீ’ ஆங்கில எஸ்ஸா என்று பார்க்கிறது. விண்டோஸில் இன்ஸ்கிரிப்ட் போட்டிருப்பவருக்கு அந்த இடத்தில் ஏகாரக் குறி இருக்கிறது. கண்ட்ரோலை அழுத்தியிருந்தாலும் கீயில் அந்தக் குறியே வந்து நிற்கும், ஒப்பீடு தோற்கும். ரஷ்ய, கிரேக்க கீபோர்டுகளிலும் இதே நிலைதான்.

உடனே எல்லாவற்றையும் கோட்டுக்கு மாற்றிவிடாதீர்கள். ஜெர்மன் கீபோர்டில் ‘இசட்’டும் ‘ஒய்’யும் இடம் மாறியிருக்கும். கோட்டை மட்டும் நம்பினால், ஜெர்மன்காரர் செயலைத் திரும்பப்பெற நினைத்து கண்ட்ரோல்+இசட் அழுத்தும்போது உங்கள் நிரல் அதைக் கண்ட்ரோல்+ஒய் என்று எடுத்துக்கொள்ளும். நான் கையாளும் வழி இரண்டு படி கொண்டது. கீ ஆங்கில எழுத்தாக இருந்தால் அதையே நம்பு. ஆங்கிலம் அல்லாத எழுத்தாக இருந்தால் மட்டும் கோட்டைப் பார். தமிழருக்கும் ஜெர்மானியருக்கும் இந்த வழி ஒத்துப்போகும்.

கேப்ஸ் லாக் போட்டிருந்தால் சின்ன எஸ் பெரிய எஸ்ஸாக வரும் என்பதால், ஒப்பிடும் முன் சிறிய எழுத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மேக்கில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் விசை, அது மெட்டாகீ என்ற பெயரில் வரும்.

தமிழில் தட்டும்போது எந்த விசைக்கும் 229 என்றே வருகிறது. என்ன அது?

இன்ஸ்கிரிப்ட்டில் ஒரு விசைக்கு ஒரு குறி என்பதால் அழுத்தம் நேரடியாகப் பிரவுசருக்கு வந்துவிடும். தமிழ்99 அப்படிப்பட்டது இல்லை, அதற்கு முன்பின் பார்க்கத் தெரியும். ‘அம்மா’ என்று எழுத நீங்கள் அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டுகிறீர்கள். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி வைக்க வேண்டும், மெய்யை அடுத்து உயிர் வந்தால் இரண்டையும் சேர்த்து உயிர்மெய்யாக்க வேண்டும். இதையெல்லாம் செய்ய கீபோர்டுக்கும் பிரவுசருக்கும் நடுவில் ஓர் இன்புட் மெத்தட் உட்கார வேண்டியிருக்கிறது. ஆங்கில எழுத்தில் தட்டத் தமிழ்ச் சொற்களைப் பரிந்துரைக்கும் கருவிகளும் இந்த வகைதான்.

அந்த நடுவாள் ஒரு விசையை எடுத்துக்கொண்டால், பிரவுசர் உங்களிடம் சொல்வது ‘ஏதோ ஒரு விசை, அதை இன்புட் மெத்தட் பார்த்துக்கொள்கிறது’ என்பது மட்டுமே. அதற்கான எண்தான் 229. கீயில் ‘பிராசஸ்’ போன்ற ஒரு சொல் வரும். என்ன எழுத்து என்பது அந்த நேரத்தில் பிரவுசருக்கே தெரியாது. உங்கள் நிரலில் பிழை எதுவும் இல்லை.

அந்த ‘அம்மா’வை இன்னும் கிட்டப்போய்ப் பார்க்கலாம். தட்டியது நான்கு விசை. யூனிகோடில் அது அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறியீடுகள். ஜாவாஸ்கிரிப்ட்டில் லெங்த் கேட்டால் 5 என்று சொல்லும். படிக்கிறவர் கண்ணுக்கு அ, ம், மா என்று மூன்று எழுத்துகள். விசையழுத்தங்களை எண்ணி ‘மீதம் உள்ள எழுத்துகள்’ காட்டும் பெட்டி தமிழில் ஒருநாளும் சரியாக வராது. மூன்று என்ற விடை வேண்டுமென்றால் இன்டில்.செக்மென்டர் என்ற உள்ளமைந்த கருவியிடம் பெட்டியில் உள்ள உரையைக் கொடுங்கள்.

தமிழ் எழுதும் சில மென்பொருள்கள் முன்பு போட்ட எழுத்தைத் திருத்துவதற்குத் தாங்களே பேக்ஸ்பேஸ் அனுப்புவதும் உண்டு. பயனர் ஒன்றையும் அழிக்காமலே உங்கள் பதிவில் அழிப்பு விசை தெரியும். எழுத்துப் பயிற்சி விளையாட்டில் ‘தவறுகளை’ பேக்ஸ்பேஸ் வைத்து எண்ணுகிறீர்கள் என்றால் இதை நினைவில் வையுங்கள்.

என்டர் அழுத்தினால் செய்தி போகும்படி வைத்தேன். சொல்லைத் தேர்ந்தெடுக்க என்டர் தட்டும்போதே செய்தி போய்விடுகிறது.

பரிந்துரைப் பட்டியலில் ஒரு சொல்லை உறுதிசெய்யத் தட்டும் என்டரும், செய்தியை அனுப்பத் தட்டும் என்டரும் உங்கள் நிரலுக்கு ஒன்றாகத் தெரிகின்றன. ஜப்பானியர்கள் அரட்டைச் செயலிகளில் நெடுங்காலமாகப் பொறுமியது இதைப் பற்றித்தான்.

ஈவெண்ட்டில் ‘இஸ்கம்போசிங்’ என்று ஒன்று இருக்கிறது. சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருந்தால் அது உண்மை என்று வரும். அப்போது ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடுங்கள். குரோம், ஃபயர்பாக்ஸில் இதோடு முடிந்தது. சஃபாரியில் மட்டும், சொல் உருவாகி முடிந்ததைச் சொல்லும் ‘கம்போசிஷன்எண்ட்’ நிகழ்வு முதலில் வந்து, என்டருக்கான கீடவுன் அதற்குப் பின்னால் வரும். அதற்குள் இஸ்கம்போசிங் பொய் ஆகிவிட்டிருக்கும். ஆனால் கீகோட் 229 ஆகவே இருக்கும். எனவே இரண்டையும் பாருங்கள்: இஸ்கம்போசிங் உண்மையா, அல்லது கீகோட் 229-ஆ. கைவிடப்பட்ட கீகோட்டை நான் இன்றும் மனமறிந்து பயன்படுத்தும் ஒரே இடம் இது.

இன்னொன்று. சொல் உருவாகும் நடுவில் பெட்டியின் மதிப்பை நிரலால் மாற்றி எழுதாதீர்கள். இடைவெளி நீக்குவது, வடிவம் சரிசெய்வது எல்லாம் கம்போசிஷன்எண்ட் வரும்வரை காத்திருக்கட்டும். இல்லாவிட்டால் பாதிச் சொல் இரட்டிக்கும், அல்லது காணாமல் போகும்.

ஆண்ட்ராய்டு போனில் கீ ‘அன்ஐடென்டிஃபைட்’ என்று வருகிறது.

அதே 229 விவகாரம்தான், இந்த முறை ஆங்கிலத்திலும். திரையில் தெரியும் கீபோர்டு ஊகித்தும் திருத்தியும் சறுக்கியும் எழுதும் ஒரு மென்பொருள். விரலைத் தூக்காமல் இழுத்து எழுதுகிறவர் எந்த விசையை ‘அழுத்தினார்’ என்று சொல்வது? கோட்டும் வெறுமையாக வரும். என்டர் மட்டும் பெரும்பாலும் ஒழுங்காக வரும்.

போனில் விசையைத் தேடாமல் மாற்றத்தைத் தேடுங்கள். ‘பிஃபோர்இன்புட்’ நிகழ்வில் ‘இன்புட்டைப்’ என்ற தகவல் இருக்கும்: எழுத்து சேர்ந்ததா, பின்னோக்கி அழிந்ததா, ஒட்டப்பட்டதா என்று அது சொல்லிவிடும். இன்று புழக்கத்தில் உள்ள பிரவுசர்கள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. கடைசியாக வந்த ஃபயர்பாக்ஸும் 2021-இல் சேர்த்துவிட்டது. படிவத்தை அனுப்புவதற்கு என்டரைப் பிடிக்கவே வேண்டாம், ஃபார்மின் ‘சப்மிட்’ நிகழ்வு போதும். என்டர் விசையில் ‘தேடு’, ‘அனுப்பு’ போன்ற முகம் காட்ட ‘என்டர்கீஹின்ட்’ என்ற பண்பு இருக்கிறது.

எண்கள் மட்டும் ஏற்கும் பெட்டிக்கு மற்ற விசைகளைத் தடுக்கலாமா?

வேண்டாம். தடுக்கப் போனால் பேக்ஸ்பேஸ், டேப், அம்புக்குறி, கண்ட்ரோல்+வி ஒவ்வொன்றாக விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டிவரும், ஒன்று கட்டாயம் விடுபடும். போனில் தடுப்பும் வேலை செய்யாது. இதைவிட எரிச்சல், தொலைபேசி எண்ணை +91-உம் இடைவெளியுமாக ஒட்டவே விடாத பெட்டிகள்.

‘இன்புட்மோட்’ பண்பை நியூமெரிக் என்று வையுங்கள், போனில் எண் பலகை வரும். பயனர் என்ன ஒட்டினாலும் வாங்கிக்கொண்டு, பிறகு எண்களை மட்டும் பிரித்தெடுங்கள். பெட்டியின் வகையையே ‘நம்பர்’ ஆக்குவது நல்ல யோசனை போலத் தோன்றும், ஆனால் அது அறிவியல் குறிமுறைக்காக ஆங்கில ‘இ’ எழுத்தையும் ஏற்கும்.

விளையாட்டில் இரண்டு விசைகளை ஒரே நேரத்தில் கவனிப்பது எப்படி?

கீடவுன் வந்தவுடனே பாத்திரத்தை நகர்த்தாதீர்கள். விசையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் முதல் அழுத்தத்துக்குப் பிறகு ஒரு சிறு இடைவெளி விட்டுத்தான் தொடர் அழுத்தங்கள் வரும், பாத்திரம் திக்கித்திக்கி நகரும். இப்போது அழுந்தியிருக்கும் விசைகளுக்கென ஒரு செட்டை (தொகுப்பை) வைத்துக்கொள்ளுங்கள். கீடவுனில் கோட்டை அதில் சேருங்கள், கீஅப்பில் எடுங்கள். ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேம் சுழற்சியில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் அந்த செட்டைப் பார்த்து நகர்த்துங்கள். மேல் அம்பும் வலது அம்பும் சேர்ந்திருந்தால் மூலைவாட்டில் போகும். தொடர் அழுத்தங்களை ஒதுக்க ‘ரிப்பீட்’ உண்மையா என்று பார்த்தால் போதும், சுடுவது, குதிப்பது போன்றவற்றுக்கு இது தேவைப்படும். அம்புக்குறிக்கும் ஸ்பேஸுக்கும் பிரிவென்ட்டிஃபால்ட் போடாவிட்டால் பக்கம் மேலும் கீழும் உருளும்.

பாத்திரம் தானாக ஓடிக்கொண்டே இருக்கிறது என்ற புகார் வந்தால், பயனர் விசையைப் பிடித்தபடியே ஆல்ட்+டேப் போட்டு வேறு ஜன்னலுக்குப் போயிருப்பார். விசையை அவர் அங்கே விட்டதால் கீஅப் உங்களுக்கு வரவில்லை. விண்டோவின் ‘பிளர்’ நிகழ்வில் செட்டைக் காலி செய்யுங்கள். மேக்கில் கமாண்ட் விசை கீழே இருக்கும்வரை மற்ற விசைகளின் கீஅப் வராது என்பதும் இதே வகை வில்லங்கம்.

மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று மட்டும் வரவில்லையா? அது கீபோர்டின் கம்பி அமைப்பு. மலிவான கீபோர்டுகளில் சில மூன்று விசைக் கூட்டுகள் கணினிக்கே போகாது. நிரலில் தேடிப் பயனில்லை, விசைகளை மாற்றிக்கொள்ளும் வசதியைக் கொடுங்கள்.

டிவ்வுக்கும் கான்வாஸுக்கும் லிசனர் போட்டேன், ஒன்றும் வரவில்லை.

விசை நிகழ்வு ஃபோகஸ் உள்ள உறுப்புக்குத்தான், அதாவது தட்டுவதை இப்போது வாங்கும் உறுப்புக்குத்தான் போகும், அங்கிருந்து அதைச் சுற்றியுள்ள உறுப்புகளுக்கு மேலே ஏறும். டிவ், கான்வாஸ் இயல்பாக ஃபோகஸ் வாங்காது. டேப்இண்டெக்ஸ் 0 கொடுங்கள், அல்லது டாக்குமென்ட்டிலேயே கேளுங்கள். ஐஃப்ரேமுக்குள் (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கத்துக்குள்) ஃபோகஸ் இருந்தால் வெளிப்பக்கத்துக்கு எதுவும் வராது. டாக்குமென்ட்டில் கேட்கும்போது, ஈவெண்ட் இன்புட், டெக்ஸ்ட்ஏரியா, அல்லது திருத்தக்கூடிய பகுதியிலிருந்து வந்ததா என்று முதலில் பாருங்கள். இல்லையேல் ஒருவர் பின்னூட்டம் எழுதும் நடுவில் உங்கள் குறுக்குவழி பாய்ந்து வரும்.

பிரவுசரின் குறுக்குவழிகளை நிறுத்த முடியுமா?

கண்ட்ரோல்+எஸ், கண்ட்ரோல்+பி போன்றவற்றைப் பிரிவென்ட்டிஃபால்ட்டால் நிறுத்தலாம். டேபை மூடும் கண்ட்ரோல்+டபிள்யூ, புது டேப் திறக்கும் கண்ட்ரோல்+டி, புது ஜன்னல் திறக்கும் கண்ட்ரோல்+என் மூன்றையும் குரோம் தன் கையிலேயே வைத்திருக்கும். மூட விடாத பக்கத்தை யார் விரும்புவார்? முழுத்திரையில் மட்டும் குரோமிலும் எட்ஜிலும் கீபோர்டு லாக் என்ற வசதியால் எஸ்கேப் உட்படப் பலவற்றைப் பிடிக்கலாம். அப்போதும் எஸ்கேப்பை அழுத்திப் பிடித்தால் பயனர் வெளியே வந்துவிடலாம்.

கதையையும் கட்டுரையையும் காப்பியடிக்காமல் இருக்க கண்ட்ரோல்+சி, கண்ட்ரோல்+யு, எஃப்12 மூன்றையும் தடுக்கலாமா?

தமிழ்த் தளங்களில் இது ஒரு தீராத ஆசை. தடுக்கலாம், பலன் இல்லை. பிரவுசர் மெனுவில் மூலநிரலும் டெவலப்பர் கருவிகளும் திறக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்தால் உங்கள் தடுப்பு மொத்தமும் போய்விடும். திருடுகிறவருக்கு அரை நிமிடத் தாமதம், ஒரு வரியை நண்பருக்கு அனுப்ப நினைத்த நல்ல வாசகருக்கு முழு எரிச்சல்.

கண்ட்ரோல்+ஆல்ட் சேர்த்துக் குறுக்குவழி வைக்கலாமா?

விண்டோஸில் தவிர்ப்பது நல்லது. வலது ஆல்ட் விசை பல கீபோர்டு அமைப்புகளில் கண்ட்ரோல்+ஆல்ட்டுக்குச் சமம். இந்திய ஆங்கில அமைப்பில் வலது ஆல்ட்+4 தட்டினால்தான் ₹ வரும். நீங்கள் கண்ட்ரோல்+ஆல்ட்+4-க்கு ஏதாவது வைத்துவிட்டால் விலை எழுத வந்தவர் வேறு எங்கோ போய் நிற்பார்.

கேப்ஸ் லாக் போட்டிருக்கிறதா என்று தெரியுமா?

கெட்மாடிஃபையர்ஸ்டேட்டுக்கு ‘கேப்ஸ்லாக்’ என்று கொடுத்துக் கேளுங்கள். ஏதாவது ஒரு விசையோ கிளிக்கோ வந்த பிறகுதான் தெரியும், பக்கம் திறந்தவுடனே தெரியாது.

‘ஜே’ தட்டினால் அடுத்த பதிவு என்பது போல ஒற்றை எழுத்துக் குறுக்குவழி வைப்பது சரியா?

பழகியவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் குரலால் கணினியை இயக்குபவர் சொல்லும் ஒரு சொல், எழுத்தெழுத்தாக உங்கள் பக்கத்தில் விழுந்து பத்து கட்டளைகளாக மாறலாம். 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற வலை அணுகல்தன்மை விதிகளில் 2.1.4 இதைப் பற்றியது: அப்படிப்பட்ட குறுக்குவழியை அணைக்க முடிய வேண்டும், அல்லது மாற்ற முடிய வேண்டும், அல்லது அந்த உறுப்பில் ஃபோகஸ் இருக்கும்போது மட்டும் இயங்க வேண்டும். பார்வையற்றோர் பயன்படுத்தும் என்விடிஏ, ஜாஸ் போன்ற திரைவாசிப்பான்கள் உலவும் நிலையில் ஒற்றை எழுத்துகளைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். ‘எச்’ தட்டினால் அடுத்த தலைப்புக்குப் போகும், உங்கள் நிரலுக்கு அது வராது. குறுக்குவழியில் உள்ள எல்லாச் செயலுக்கும் பக்கத்தில் ஒரு பொத்தானும் இருக்கட்டும்.

நிரலாலேயே ஒரு விசையை அழுத்துவது போலச் செய்ய முடியுமா?

கீபோர்டுஈவெண்ட் ஒன்றை உருவாக்கி அனுப்பலாம், உங்கள் லிசனர் ஓடும். ஆனால் பெட்டியில் எழுத்து விழாது. நிரல் உருவாக்கிய நிகழ்வில் ‘இஸ்டிரஸ்டட்’ பொய் என்று இருக்கும். லிசனரைச் சோதிக்க இது போதும். உண்மையாகத் தட்டுவது போலவே பக்கத்தைச் சோதிக்க பிளேரைட், செலினியம் போன்ற பிரவுசரை இயக்கும் கருவிகள் வேண்டும்.

ஒரு பக்கம் நான் வேறு இடத்தில் தட்டுவதையும் பார்க்குமா?

பார்க்காது. ஃபோகஸ் அந்தப் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் விசைகள் அதற்குப் போகும். அடுத்த டேபும் மற்ற மென்பொருள்களும் அதற்குத் தெரியாது. ஆனால் அந்தப் பக்கத்துக்குள் ஓடும் எந்த ஸ்கிரிப்டும், விளம்பரக்காரர் கொடுத்ததும் புள்ளிவிவரம் எடுப்பதும் உட்பட, டாக்குமென்ட்டில் ஒரு லிசனர் போட்டு நீங்கள் கடவுச்சொல் பெட்டியில் தட்டுவதையும் படிக்கலாம். அனுப்பு பொத்தானை அழுத்தாமல் அழித்துவிட்ட வரியும் அதில் சேரும். பணம் கட்டும் பக்கத்தில் வெளியார் ஸ்கிரிப்டுகளைச் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்டால், அட்டை எண் பெட்டியையாவது வேறு தளத்து ஐஃப்ரேமுக்குள் வையுங்கள். வெளிப்பக்கத்து லிசனருக்கு அதற்குள் தட்டுவது எட்டாது.